ஏர்பேடு மூன்றாம் மாடியின் முட்டுகள்

இந்த இரங்கல் கூட்டத்து மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார்களே, கம்பி கட்டும் தோழர்களே, துயரத்தோடு அமர்ந்திருக்கும் கிருஷ்ணம்மா அம்மா அவர்களே, வணக்கம். நான் சென்ட்ரிங் மேஸ்திரி முனுசாமி. அம்மா, உங்கள் கணவர் பொறியாளர் நாகபூஷணம் ஐயாவோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதி வருஷம் சண்டை போட்டவன்!

இரும்புத் தகட்டின் மேல் காங்கிரீட் கொட்டிப் போடும் தளத்தில், தகடும் காங்கிரீட்டும் ஒன்றாகச் சேர்ந்து சுமை தாங்க வேண்டும். சேர்ந்ததா, இல்லையா? மேலே நின்று பார்த்தால் தெரியுமா? அடியில் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளை ஒரு விரல் கனம் மட்டும் இறக்கச் சொல்வார் ஐயா. மேலே தண்ணீர் டிரம்களை ஏற்றுவார். தளம் எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது, டிரம்களை எடுத்தால் எத்தனை திரும்புகிறது என்று அளப்பார். விறைப்பு போதும் என்று அளவு சொன்னால்தான் கையெழுத்து. அளக்காமல் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை!

புத்தூர் கிடங்கில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். காங்கிரீட் கொட்டும்போதே தகடு நடுவில் தொய்ந்தது. பள்ளம் தெரிந்த இடத்தில் இன்னும் கொட்டி, நூல் பிடித்து மட்டம் பண்ணிவிட்டுப் பெருமையாக நின்றேன். ஐயா கீழே போய் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா முனுசாமி, குனிஞ்சவன் முதுவு மேலயே மூட்டைய ஏத்திக்கினு கீறியே?" என்றார். கூடுதலாகக் கொட்டியதை உடனே வாரி எடுக்க வைத்தார்.

ஏர்பேடு மாணவர் விடுதியின் உரிமையாளர் கிரண்குமார் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். போன திங்கட்கிழமை, அங்கே நான் போட்ட மூன்றாம் மாடித் தளத்தை ஐயா சோதித்தார். ஆறு மில்லி தொய்ந்தது, மூன்றுதான் திரும்பியது. இன்னும் பதினாலு நாள் முட்டுகளைத் தொடாதே, மறுபடி அளக்கலாம் என்றார். பால் காய்ச்ச வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது என்றார் கிரண்குமார்.

"முகூர்த்தம் உங்களுக்குத்தான் நைனா. காங்கிரீட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது" என்றார் ஐயா.

புதன்கிழமை காலை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. செய்தி கேட்டதும் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் என் மனதில் வேறொன்று வந்தது. இனித் தடுக்க ஆளில்லை, முட்டுகளை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அம்மா.

அந்த மாடியில் நூறு பிள்ளைகள் கட்டில் போட்டுப் படுப்பார்கள். நாகபூஷணம் யார் என்று அவர்களுக்குத் தெரியுமா? தெரிய வேண்டாம். அவர்கள் நிம்மதியாகத் தூங்கினால் போதும்!

கிரண்குமார் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை பாலை வெளியே வாசலில் காய்ச்சுங்கள், நானும் வருகிறேன். மூன்றாம் மாடியில் ஒரு முட்டும் இறங்காது. பதினாலாம் நாள் நானே டிரம்களை ஏற்றுவேன். ஐயாவோடு வேலை பார்த்த பொறியாளர் ரோஹிணி அளப்பார். அன்றைக்கும் தளம் தேறவில்லை என்றால், நான் போட்ட தளத்தை நானே உடைப்பேன்.