கொலைகாரன் டொக்டர்

சுந்தரி: ரெண்டு போதாது அண்ணே. நாலு வேணும்.

காளிமுத்து: ஒரு அட்டைக்கு ரெண்டு புத்தகம். வாசகசாலைச் சட்டம்.

சுந்தரி: சட்டம் எழுதினவரு என் நாத்தனாவோட கோச்சியில போயிருக்க மாட்டாரு. நாளைக்கு விடியக் கண்டியில ஏறி, பொல்கஹவெலயில ரயில் மாறி, யாழ்ப்பாணம் போய்ச் சேரப் பொழுது சாஞ்சிரும். அவ்வளவு நேரமும் பக்கத்து சீட்டில அவங்கதான், அழகம்மா மதினி!

காளிமுத்து: நல்லதுதானே. பேச்சுத் துணை...

சுந்தரி: பேச்சு மட்டுந்தான், துணை இல்ல. அவங்க ஒப்பரேஷன் கதையைப் பேராதனையில தொடங்கினா, அனுராதபுரத்திலதான் தையல் போடுவாங்க. என் கையில நாவல் இருந்தா மட்டும் வாயைத் தொறக்க மாட்டாங்க. படிக்கிற புள்ளையாம்... அப்படி ஒரு மரியாதை.

காளிமுத்து: அப்ப இதை எடுங்க. காதல் கதை. போன வாரந்தான் வந்திச்சு.

சுந்தரி: காதல் கோச்சிக்கு ஆகாது. நல்லா அழ ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கடுகண்ணாவைக் குகை வந்திரும். கொலைன்னா அந்த இருட்டும் கதையோட சேர்ந்துக்கும். அந்த 'ஆறாவது சாவி'யை எடுங்க.

காளிமுத்து: கொலை நாவல் ஒண்ணும் வெளிய போகாது. கமிட்டி முடிவு.

சுந்தரி: ஐயையோ! ஏன்?

காளிமுத்து: இந்தா, 'பாலத்தில் ஒரு செருப்பு'. பதினேழாம் பக்கத்து ஓரத்தில என்ன எழுதியிருக்குன்னு நீங்களே வாசிங்க.

சுந்தரி: 'கொலைகாரன் டொக்டர்'... சீ! என்ன மனுஷங்க!

காளிமுத்து: இப்படிப் பதினாலு நாவல். ஒண்ணில சமையல்காரி, ஒண்ணில சித்தப்பா. ஆள் அகப்பட்டா அட்டையைப் பறிக்கச் சொல்லியிருக்காங்க.

சுந்தரி: சண்முகநாதன் ஐயாவாத்தான் இருக்கும். பென்ஷன் எடுத்ததில இருந்து அவருக்கு வேற என்ன வேலை?

காளிமுத்து: நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ரப்பர் போட்டா அழியல தங்கச்சி, எண்ணெய் மாதிரி ஈஷுது. வீட்டுக்குக் கொண்டு போய் என் சம்சாரத்துக்கிட்ட காட்டினேன். ஒரே பார்வை. இது எழுதுற பென்சில் இல்ல, புருவத்துக்குப் போடுறதுன்னுட்டா. சண்முகநாதன் ஐயாவுக்குத் தலையிலயே முடி ஒண்ணுமில்ல.

சுந்தரி: அதுக்கு ஏன் என் முகத்தையே பார்க்கிறீங்க?

காளிமுத்து: முகத்தை இல்ல. கண்ணுக்குக் கொஞ்சம் மேல.

சுந்தரி: ...சரி. நான்தான். சத்தம் போடாதீங்க, அந்தப் பக்கம் பேப்பர் படிக்கிறாங்க.

காளிமுத்து: இத்தனை வருஷமா வாறீங்க... உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?

சுந்தரி: என் வீட்டுக்காரராலதான். நான் பாதி படிச்சு வைக்கிற புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் போய் விடிய முடிச்சிருவாரு. சோறு போடுறப்போ யாரு கொன்னான், எதால கொன்னான், எல்லாத்தையும் கொட்டுவாரு. எத்தனை கதையை நாசமாக்கினாரு! வயிறு எரிஞ்சிச்சு. அதான் பதினேழாம் பக்கத்தில ஒரு பேரைப் போட்டு வச்சேன். அதைப் பார்த்ததும் விஷயம் தெரிஞ்சிருச்சுன்னு மூடி வச்சிட்டுத் தூங்கிருவாரு.

காளிமுத்து: உங்களுக்குக் கதை முடிவு அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டுருமா?

சுந்தரி: நல்லாக் கேட்டீங்க! எழுதுறப்போ நானே இருபது பக்கம் தாண்டியிருக்க மாட்டேன். வாய்க்கு வந்த ஆளுதான். எல்லாம் பொய்.

காளிமுத்து: பொய்யா?

சுந்தரி: சுத்தப் பொய்.

காளிமுத்து: இந்த... இந்த டொக்டர்?

சுந்தரி: டொக்டர் பாவம் அண்ணே. நாலாம் அத்தியாயத்திலயே செத்துப் போறாரு.

காளிமுத்து: செத்துப் போறாரா!

சுந்தரி: அவரைத்தானே முதல்ல கொல்றாங்க. பாலத்தில கிடக்கிற செருப்பே அவரோடதுதான்.

காளிமுத்து: அப்ப... 'ஊமை மணி'யில சமையல்காரி?

சுந்தரி: அந்தக் கதையில சமையல்காரியே கிடையாது.

காளிமுத்து: முருகா... சித்தப்பா?

சுந்தரி: சித்தப்பாதான் கண்டுபிடிக்கிறவரு. பொலிஸ் உத்தியோகம். ஏன் அண்ணே இப்படி வேர்க்குது? உட்காருங்க. வேணும்னா பதினாலையும் நானே புதுசா வாங்கித் தந்திர்றேன். அட்டையை மட்டும்...

காளிமுத்து: இந்தாங்க, 'ஆறாவது சாவி'. இந்த மூணையும் எடுங்க. நாலாச்சு.

சுந்தரி: நாலா? சட்டம்?

காளிமுத்து: ரெண்டு என் அட்டையில போகட்டும். அட்டையும் பத்திரம், உங்க பேரும் பத்திரம். ஆனா ஒண்ணு. நாலையும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு, பதினேழாம் பக்கத்தில உண்மையான பேரை எழுதிக் கொண்டு வரணும். கண்ணுக்கு மை போடுற மாதிரி தெளிவா எழுதுங்க.

சுந்தரி: கமிட்டி பார்த்தா?

காளிமுத்து: கமிட்டி கிடக்கட்டும்.

சுந்தரி: உங்களுக்கு எதுக்கு அண்ணே பேரு? அலுமாரி அலுமாரியா நாவலோட இருக்கிற மனுஷன்...

காளிமுத்து: இருக்கிறேன், வாசிக்கிறதில்ல! நான் ஒரு நாவலை முழுசா முடிச்சுப் பதினொரு வருஷம் ஆச்சு. உங்க பென்சிலை நம்பித்தான் மாசாமாசம் வாசகர் வட்டத்தில ஒரு மணித்தியாலம் பேசுறேன். போன மாசம் அந்த டொக்டரை, செத்த மனுஷனை, மேசையில அடிச்சு அடிச்சுத் திட்டினேன்... முன்னால இருந்த முப்பது பேரும் தலையாட்டினாங்களே தங்கச்சி!