நான்கு பேரைப் பாறைத் திட்டில் இறக்கிவிட்டது குறித்து

ஊரடங்கில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த நான்கு பேர் என் சின்னம்மா சாலம்மாளைக் கொன்றார்கள். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். பெயரும் முகவரியும் முதலில் வரவேண்டும் என்று காவல் ஆய்வாளர் சொன்னதால் அதைச் சொல்கிறேன்.

என் பெயர் சிவக்குமார், வயது இருபத்தெட்டு, தகப்பனார் பெயர் சென்னப்பன், காலமாகிவிட்டார். தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம், ஒகேனக்கல் ஆற்றோரம் கல்மேட்டுக் கொட்டாய் என்ற சிற்றூரில் குடியிருக்கிறேன். பி.காம். முடித்திருக்கிறேன், பரிசல் ஓட்டுகிறேன். சாலம்மாள் என் தாயாரின் தங்கை. தாயார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் சின்னம்மா வீட்டில் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அவர் ஆற்றங்கரைக் கொட்டகையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு மீன் சமைத்துக் கொடுப்பவர்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் முழு ஊரடங்கு போட்ட பிறகு எங்கள் ஊருக்கு வெளியாட்கள் வரக்கூடாது என்று தடை வந்தது. பரிசல்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள், அடுப்பு மூட்டக் கூடாது என்றார்கள். அதன்படியே செய்து ரேஷன் அரிசியில் கஞ்சி குடித்தோம். எங்களுக்கு ஊரடங்கு என்றால் பிழைப்பு நிற்பது. வசதி உள்ளவர்களுக்கு ஊரடங்கு என்றால் ஆற்றங்கரையில் கூட்டம் இல்லாத நல்ல காலம். இந்த வரி வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, எங்கள் கொட்டாய்க்கு மேலே தங்கும் விடுதி வைத்திருக்கும் அர்ச்சுனன் என்னைக் கூப்பிட்டு, பெங்களூரிலிருந்து நான்கு பேர் வந்து தங்கியிருக்கிறார்கள் என்றும், அவர்களைப் பரிசலில் ஒரு சுற்று காட்டிவிட்டு மீன் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். தடை இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பரிசலை எடுத்தேன். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

அந்த நான்கு பேரில் ராஜா என்பவரும் ஜாஸ்மின் என்பவரும் கணவன் மனைவி, மற்ற இருவரும் ராஜாவோடு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். நால்வரும் தமிழ் பேசுகிறவர்கள். எப்படி வந்தீர்கள் என்று பரிசலில் வைத்துக் கேட்டதற்கு, அந்த இருவரில் தாடி வைத்திருந்தவர், “தாத்தா செத்துட்டாருன்னு இ-பாஸ் எடுத்தோம் பாஸ். போன மாசம் ஏற்காடு போனப்பவும் அவருதான் செத்தாரு. நல்ல மனுஷன், எப்பக் கூப்பிட்டாலும் சாவாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு கொட்டகைக்குக் கூட்டி வந்தேன். எங்கள் ஊரில் மீன் சமைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மீனை வாங்கித் தருகிறவர் அடுப்புப் பக்கத்தில் நிற்பார். குழம்பை இறக்குவதற்கு முன் அவருடைய உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்பு காரம் கேட்பார்கள். மீன் அவருடையது, அதனால் அவர் நாக்கு சொல்வதுதான் முடிவு. அவர் சரி என்று சொல்லாமல் சட்டியை இறக்கமாட்டார்கள்.

ராஜா கையை நீட்டவில்லை. கரண்டியையே வாங்கி உறிஞ்சிவிட்டு, உப்பு இல்லை, காரம் இல்லை என்றார். சின்னம்மா உப்பும் மிளகாய்த்தூளும் போட்டார். மறுபடியும் இல்லை என்றார். சின்னம்மா அதே கரண்டியில் தானும் வாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, “கண்ணு, எனக்கு உப்பாத்தான் கெடக்குது. அவரு சப்புன்னு இருக்குதுங்கிறாரு. அடுப்பு மூட்டி நாளாச்சா, என் நாக்கு கெட்டுப் போச்சாடா?” என்று கேட்டார். அதன் பிறகு ராஜா சொன்னபடி இன்னும் போட்டார்.

சாப்பிட உட்கார்ந்ததும் மற்ற மூன்று பேரும் துப்பினார்கள். தாடிக்காரர், “அம்மா, உப்பு மூட்டையையே கவுத்துட்டீங்களா? ஏங்க, டேஸ்ட் பாக்க இவனையா விட்டீங்க? கிளம்புறப்பவே இவனுக்கு ஜுரம். சென்ட் பாட்டில மூக்குல வெச்சாக்கூட வாசனை தெரியல இவனுக்கு” என்று சொல்லிச் சிரித்தார். ஜாஸ்மின் அவரைப் பார்த்து வாயை மூடச் சொன்னார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சின்னம்மாவுக்குப் புரியவில்லை. ஒரு மீனைக் கெடுத்துவிட்டோமே என்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு மீன் சமைத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு சில நாளில் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண், வாசலில் நின்று, ருசி வாசனை தெரிகிறதா என்று கேட்டார். சின்னம்மா நன்றாகத் தெரிகிறது என்றார். காலையில்தான் ஊறுகாயை நக்கிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு, “ஏண்டா, சமையக்காரிக்கு ருசி தெரியலைன்னு ஊருக்குள்ள போச்சுன்னா, ஊரடங்கு முடிஞ்சு எவன் என்கிட்ட மீனக் குடுப்பான்? ஏற்கெனவே ஒரு சட்டியக் கெடுத்தவ நானு” என்றார். அதெல்லாம் உன் தப்பு இல்லை, அந்த ஆளுக்குத்தான் நோய் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. தின்ன வந்தவர் மேல் பழி போடாதே என்றார்.

அதன் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தருமபுரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தக்காளி ஏற்றும் வண்டியில் கூட்டிப் போனோம். இண்டூரில் கட்டிக்கொடுத்த மகள் சோபனா வழியில் ஏறிக்கொண்டார். ஆக்சிஜன் படுக்கைக்கு வராந்தாவில் காத்திருந்து, படுக்கை கிடைத்து, மறுநாள் இறந்துபோனார். முகத்தைப் பார்க்க விடவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்ததைக் காட்டி இதுதான் என்றார்கள்.

அதன் பிறகு கொட்டாய்க்கு வந்தபோது வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனை முகாம் போடச் சொல்லிச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர், “உங்க ஊருக்கு வெளியாளே வரலைன்னு விடுதிக்காரரு சொல்லியிருக்காருங்க. அந்தம்மா தருமபுரி போன எடத்துலதான் வாங்கியிருக்கும். இருக்கிற டெஸ்ட் கிட்டு டவுனுக்கே பத்தலை. வந்தவங்களே போன் பண்ணி ஆமா வந்தோம்னு சொல்லட்டும், நாளைக்கே வண்டி அனுப்பறேன்” என்றார். அர்ச்சுனனிடம் போய்க் கேட்டேன். “யாரு வந்தா? ஒருத்தரும் வரலியே. பூட்டிக் கெடக்குற விடுதியப் பத்திப் பேசாத சிவா” என்றார். அவர் பேசும்போது மாடியில் ஜாஸ்மினுடைய துணி காய்ந்துகொண்டிருந்தது. நால்வரும் அங்கேயே தங்கி கம்ப்யூட்டரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு இரண்டு நாள் கழித்து, அவர்கள் ஊருக்குத் திரும்புவதால் கடைசியாக ஒரு முறை ஆற்றில் போகவேண்டும் என்று கேட்பதாக அர்ச்சுனனே எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். ஆற்று நடுவில் உள்ள பாறைத் திட்டில் போட்டோ எடுத்துக்கொள்ள இறங்கினார்கள். நான் துடுப்பால் பரிசலைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றேன். குடிதண்ணீர்க் கேனைத் திட்டிலேயே வைத்திருந்தேன். வெள்ளம் எதுவும் இல்லை. அவர்களை அடிக்கவில்லை, கொல்வேன் என்று சொல்லவில்லை. புகாரில் அப்படி எழுதியிருப்பது பொய்.

நான் சொன்னது இவ்வளவுதான். “சுகாதார நிலையத்து நம்பர் தரேன். வந்தோம், எங்கள்ல ஒருத்தருக்கு ஜுரம் இருந்துச்சுன்னு சொல்லுங்க. சொன்ன உடனே ஏத்திக்கிறேன்.”

ராஜா, “இதுக்காப்பா? எனக்கு எப்பவோ சரியாயிடுச்சு. எல்லாருக்கும் வந்துட்டுப் போறதுதானே” என்றார். எங்கள் சின்னம்மாவுக்கு வந்துவிட்டுப் போகவில்லை, அவரைக் கொண்டுபோய்விட்டது என்றேன். அது யார் என்று கேட்டார். உப்பு போட்டவர் என்றேன்.

ஜாஸ்மின், “நாங்களும் மனுஷங்கதானேங்க. ஒரு வருஷமா ஃபிளாட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்து மூச்சு முட்டுது, அதான் வந்தோம்” என்றார். “மூச்சு முட்டுறதுன்னா என்னன்னு தெரியணும்னா தருமபுரி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வாங்கக்கா, நான் காட்டறேன்” என்றேன். அவர் அழுதார். அதன் பிறகு நம்பரைச் சொல்லச் சொல்லிப் போனில் போட்டார். ராஜா, “நீ போன் போட்டேன்னா நம்ம மேலதான் கேஸ் வரும், ஆபீஸுக்குத் தெரியும்” என்றார். ஜாஸ்மின் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த நேரம் தாடிக்காரர் அர்ச்சுனனுக்குப் போன் செய்தார். ஊருக்கே வராதவர்களைக் காப்பாற்ற அரை மணி நேரத்தில் காவல் துறை வந்தது. எங்கள் ஆட்களின் பரிசலிலேயே வந்து என்னைப் பிடித்தார்கள். நான் ஓடவில்லை.

சட்டத்துக்கு விரோதமாக நான்கு பேரை அடைத்து வைத்ததாக என் மேல் வழக்கு என்று ஆய்வாளர் சொன்னார். அவர்களை வெளியே போகவிடாமல் வைத்திருந்தது உண்மை. தடையை மீறி வந்ததற்கும், நோயோடு வந்து மறைத்ததற்கும், அவர்களைத் தங்கவைத்துவிட்டு இல்லை என்று சொன்னதற்கும் யார் மேல் வழக்கு என்று கேட்டேன். என்னைப் பற்றி மட்டும் சொல்லச் சொன்னார்.

என்னைப் பற்றியே சொல்கிறேன். நான் உள்ளே போவதைப் பற்றிக் கவலையில்லை. கொட்டாயில் இருமுகிறவர்களுக்கு இன்னும் ஒருவரும் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கவில்லை. நால்வரும் கொடுத்திருக்கிற புகாரில், எந்தத் தேதியிலிருந்து எந்த விடுதியில் தங்கியிருந்தார்கள் என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் புகாரின் நகலை இன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஆய்வாளர் கேட்டார். வேறு இல்லை, இதுதான் என்றேன். இன்னொரு முறையும் கேட்டேன். அவர் எழுத்தரைப் பார்த்து, படித்துக் காட்டும்படி சொன்னார்.

படித்துக் காட்டக் கேட்டேன். என் வாயால் நான் சொன்னவை எல்லாம் சொன்னபடியே இருக்கின்றன, பொய் எதுவும் இல்லை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. நகல் அனுப்புவார்களா என்பதற்கான பதில் இதில் இல்லை. பதில் சொல்லப்படவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) செ. சிவக்குமார்