இருபத்தஞ்சாவது புகார்

— புகாரை வாபஸ் வாங்கணும்னா, கொடுத்த இருபத்தஞ்சு பேரும் நேர்ல வரணும் தம்பி. இது நகராட்சி ஆபீஸ். கொடுத்த துணிய தைக்காம திருப்பி வாங்கிட்டுப் போறதுக்கு இது ஒண்ணும் உங்க தையக்கடை இல்ல.

— இருபத்தஞ்சு பேரும் வந்துட்டோம்க்கா.

— எங்க?

— நான்தான். பேரு மட்டும் வேற வேற. அப்பா, அத்தை, ரெண்டு சித்தப்பா, மச்சான், மச்சானோட முதலாளி...

— இருங்க, ஃபைலை எடுக்கறேன். இந்தப் பதினெட்டாவது ஆளு, "வண்டி ஓட்டவே பயமா இருக்கு"ன்னு எழுதியிருக்காரே, அவரு?

— அக்கா பையன். வயசு மூணு. ஓட்டுறது மூணு சக்கர வண்டிதான், ஆனா பயம் நிஜம்.

— பத்தொன்பதாவது?

— தாத்தா. அவரு தவறி எட்டு வருஷம் ஆகுது.

— கையெழுத்து நல்லா நிமிர்ந்துதான் இருக்கு. சரி, ஆனது ஆச்சு. இப்ப எதுக்கு வாபஸ்? ஒரு தெருவுக்கு இருபத்தஞ்சு புகார் சேர்ந்தா குழிக்கு மட்டும் ஒட்டுப் போடாம, முழு ரோடும் புதுசா போட்டுடுவோம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு உங்க கடை வாசல்ல தார் லாரி நிக்கும். அவனவன் பத்து வருஷமா அலையறான், உங்களுக்குக் கசக்குதா?

— இருபத்தஞ்சு சேர்ந்தா ரோடு போடுவீங்கன்னு யாருமே சொல்லலக்கா. தெரிஞ்சிருந்தா இருபத்திநாலோட நிறுத்தியிருப்பேன். எனக்கு ரோடு வேணாம். குழியே போதும்.

— புரியுது. போறவன் வர்றவன் விழுந்து பேண்ட் கிழிஞ்சா நேரா உங்க கடைக்குத்தான் வருவான்.

— சத்தியமா அதுக்கில்லக்கா. அது வந்து... புகார் கொடுத்தா குழியைப் பாக்க ஒருத்தங்க வருவாங்கல்ல.

— ரோடு இன்ஸ்பெக்டர் மேடமா?

— அவங்கதான். முதல் தடவை வந்தப்போ அளக்கற டேப்பை மறந்துட்டு வந்துட்டாங்க. என் டேப்பைக் கேட்டாங்க. அகலம் முப்பத்தாறு, ஆழம் நாலுன்னு அளந்து, சுத்தி மஞ்சள் பெயிண்ட்ல ஒரு வட்டம் போட்டுட்டு, டேப்பை அழகா சுருட்டி என் கையில குடுத்தாங்க. அன்னைக்கு ரெண்டு சட்டைக்குக் கை மாத்தி வச்சுத் தச்சுட்டேன்க்கா.

— ஓஹோ. அப்புறம்?

— மறுபடி ஒரு புகார் குடுத்தேன். மறுபடி வந்தாங்க.

— ஒட்டுப் போடற ஆளுங்க வரலியா?

— தார் இல்லைன்னாங்க. நானும் வற்புறுத்தல. இப்ப வட்டத்து மேல வட்டமா, அந்தக் குழி நறுக்கின வெங்காயம் மாதிரி இருக்கு.

— அவங்ககிட்ட என்னதான் பேசுவீங்க?

— "நல்லா அளக்கறீங்க"ன்னு சொல்லுவேன்.

— இருபத்தஞ்சு தடவையுமா?

— ஒரு தடவை "வெயில் ஜாஸ்தி"ன்னும் சொன்னேன்.

— நாசமாப் போச்சு. அவங்க?

— டேப் கேப்பாங்க. நாலாவது தடவை அவங்க போட்டிருந்த கோட்டுல பட்டன் அறுந்திருந்துச்சு, தச்சுக் குடுத்தேன். ஆறாவது தடவை வந்தப்போ அதே பட்டன் மறுபடி அறுந்திருந்துச்சு.

— தச்ச லட்சணம் அப்படி.

— நான் தச்ச பட்டன் அறுந்ததே இல்லக்கா. அதான் எனக்கும் புரியல.

— சரிப்பா, ரோடு போட்டாலும் உன் புகார் தொழில் போகப்போறதில்ல. புதுசா ஒரு புகார் குடு, வரட்டும்.

— விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். புது ரோட்டை அஞ்சு வருஷம் கான்ட்ராக்டரே பாத்துக்கணுமாம். அதுவரைக்கும் எங்க தெரு ஃபைலை இங்க யாரும் தொடக்கூட மாட்டாங்களாம். அஞ்சு வருஷம்க்கா. கடைக்கு முன்னால கண்ணாடி மாதிரி ரோடு கிடக்கும், நான் அதைப் பாத்துக்கிட்டே தச்சுக்கிட்டிருக்கணும். ஒரு வாரம் தள்ளிப்போடுங்க. எப்படியாவது வாயைத் திறந்து சொல்லிடறேன்.

— லாரிக்கு ஆர்டர் போயாச்சு, தள்ளிப்போட முடியாது. நேரா போய் அவங்ககிட்டயே சொல்லு. மாடியில ரெண்டாவது ரூம்.

— எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்? அவங்க பாவம், கடமைக்கு வர்றவங்க. புகார்னு வந்தா வந்துதானே ஆகணும். நான் இருபத்தஞ்சு தடவை அலைக்கழிச்சிருக்கேன். அது வேற தெரிஞ்சா டேப்பாலயே அடிப்பாங்க.

— அதுவும் உன் டேப்பால. சரி, ஒண்ணு கேக்கறேன், நிதானமா யோசிச்சுச் சொல்லு. இருபத்தஞ்சு தடவையும் வந்தது அவங்களேதானா? வேற ஆள் யாரும் வரலியா?

— மழை பேஞ்ச அன்னைக்கும் அவங்களேதான் வந்தாங்க. முழுசா நனைஞ்சுட்டாங்க. நான்தான் துவட்டிக்கத் துணி குடுத்தேன். ஏன்க்கா சிரிக்கறீங்க? வேணாம், நான் போறேன்.

— உக்காரு. பதினேழு வருஷமா இந்த சீட்டுல இருக்கேன், விதி எனக்கு மனப்பாடம். ஒரு குழிக்கு முதல் புகாருக்கு மட்டும்தான் நேர்ல போய்ப் பாக்கணும். அடுத்து எத்தனை வந்தாலும் மேஜைல உக்காந்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. மிச்சம் இருபத்திநாலு தடவை அவங்க எதுக்கு வந்தாங்கன்னு மாடி ஏறிப் போய் நீயே கேட்டுட்டு வா.