அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டம்

ஓ, ஹாரன் அடிச்சது நீங்கதானா. சரி சரி. இல்ல, ஒண்ணுமில்ல, அடுக்களையில இருந்து ஓடி வந்தேன், அதான் மூச்சு வாங்குது. கால்ல செருப்பு கூட இல்ல பாருங்க. உங்க மேல தப்பு இல்ல தம்பி, வாசல் கேட்டு சாத்தியிருந்தா யாரா இருந்தாலும் அடிக்கத்தான் செய்வாங்க. நம்ம ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் வரலாறு எழுதுறவர்தானே நீங்க? உங்ககிட்ட போன்ல பேசுனது என் பொண்ணு ராபின். உங்கள வரச் சொல்லிட்டு என்கிட்ட இன்னிக்குக் காலையிலதான் சொல்றா. அதுவும் சனிக்கிழமையா பாத்து வரச் சொல்லியிருக்கா.

எஞ்சின அணைச்சிடுங்க. உள்ள போறதுக்கு முந்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். இப்படியே கார்லயே உக்காந்துக்கறேன். அந்தப் பைய பின்னாடி போடுங்க. ஆங், அவ்வளவுதான். கண்ணாடிய ஏத்திடுங்க, ஈ வந்து அப்பிடும், இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி.

மெர்வ், எங்க வீட்டுக்காரரு, உள்ளதான் இருக்காரு. பூட்ஸுக்குக் கொழுப்பு தடவிக்கிட்டு இருக்காரு. ஆடுன காலத்துப் பூட்ஸு, தோலெல்லாம் வெடிச்சுப் போச்சு, இருந்தாலும் தினம் காலையில எடுத்து வச்சுத் தடவுவாரு. அவருக்கு ஞாபகம் சரியில்லன்னு ராபின் சொல்லியிருப்பாளே. எவ்வளவு சொன்னா? அவ்வளவுதானா. அது பத்தாது.

எல்லாம் மறந்துட்டாருன்னு நினைக்காதீங்க. ஒரு வாரம் அப்படியே இருக்கு அவருக்கு. அறுபத்தொம்பதுல எங்க ஊரு கெர்ரிட்டுக்கும் மார்ஷமுக்கும் நடந்த கிராண்ட் ஃபைனல் சமமா முடிஞ்சுதே, அந்த சனிக்கிழமைக்கும், மறு ஆட்டம் நடந்த அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவுல உள்ள வாரம். அங்கதான் இருக்காரு. அங்க போயி ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா வாய்க்கு வந்ததச் சொல்லுவாரு. ஆட்டம் எப்பன்னு கேட்டா மட்டும் பட்டுனு வரும், வர்ற சனிக்கிழமைன்னு.

என்னை மிஸ் பாஸ்கோன்னு கூப்பிடுறாரு. அது கல்யாணத்துக்கு முந்தி எனக்கு இருந்த பேரு. அடுக்களைக்குள்ள வர்றதுன்னாலும் கதவத் தட்டிட்டுத்தான் வருவாரு. தேத்தண்ணி குடுத்தா எழுந்து நின்னு வாங்கிக்குவாரு. படுக்கறது பின் ரூம்ல. சிரிக்காதீங்க, நானும் முதல்ல சிரிக்கத்தான் செஞ்சேன்.

அது கெடக்கட்டும், நீங்க எதுவரைக்கும் எழுதியிருக்கீங்க? வெள்ளம் வந்த வருஷத்து ஃபைனல எழுதிட்டீங்களா? கோல் கம்பத்தப் படகுல கட்டி இழுத்துட்டுப் போனதா யாராவது சொல்லியிருப்பாங்களே. நம்பாதீங்க. அது எங்க அப்பா பப்புல உக்காந்து அவுத்துவிட்டது. ஆனா மார்ஷம் பேக்கரிக்காரன் அம்பயர் மூக்குல குத்துனானே, அது உண்மை. ஊர்ல இருந்தது அந்த ஒரே பேக்கரி. பாவம் அந்த அம்பயரு, சாகுற வரைக்கும் பக்கத்து ஊருக்குப் போயி ரொட்டி வாங்குனாரு.

கிராண்ட் ஃபைனல்னா என்ன தம்பி, ஒரு பக்கம் ஜெயிக்கும், ஒரு பக்கம் தோக்கும். ஜெயிச்சவன் குடிப்பான், தோத்தவன் அதவிடக் கூடக் குடிப்பான். திங்கக்கிழமை எல்லாரும் ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாங்க. சமமா முடிஞ்சா என்ன செய்யறதுன்னு எங்களுக்கு யாருக்கும் தெரியல. அதுவரைக்கும் எங்க லீக்ல அப்படி நடந்ததே இல்ல. அது உங்களுக்கே தெரியும், நீங்கதானே எழுதுறீங்க.

அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். மைதானத்தச் சுத்தி வேலியோரமா கார் நிக்கும்ல, இப்பவும் அப்படித்தானே, கார்ல உக்காந்துதான் பாப்போம். நம்மாளு கோல் போட்டா ஹாரன் அடிப்போம். கெர்ரிட் கார் எல்லாம் ஒரு பக்கம், மார்ஷம் கார் எல்லாம் எதிர்ப்பக்கம். கண்ணக் கட்டிவிட்டாக்கூட யாரு முன்னால இருக்காங்கன்னு காதால சொல்லிரலாம்.

கடைசியில நாங்க ஒரு புள்ளி பின்னால. மெர்வ் பந்தப் புடிச்சாரு, அவரு கையில பந்து இருக்கும்போதே சைரன் ஊதிருச்சு. கையால புடிச்சுட்டதால சைரனுக்கு அப்புறமும் உதைக்கலாம். நேரமெல்லாம் முடிஞ்சு போச்சு, எல்லாரும் நிக்குறாங்க, அவரு ஒருத்தர்தான் ஓடி வர்றாரு. நடுக் கம்பம் ரெண்டுக்கும் ஊடால போயிருந்தா ஆறு புள்ளி, கோப்பை எங்களுக்கு. பந்து கம்பத்த ஒட்டி வெளிப்பக்கமாப் போச்சு. ஒரு கை அகலம் இருக்கும். அப்படிப் போனா ஒத்தப் புள்ளிதான். சமம்.

ஒரு ஹாரன் சத்தம் கேக்கல தம்பி. அத்தன கார், அத்தன சனம். எந்தப் பக்கமும் ஒருத்தரும் அடிக்கல. ஆடுனவங்க எல்லாம் நின்ன எடத்துலயே நிக்குறாங்க. கைகுடுக்கறதா வேண்டாமான்னு தெரியல. மேசை மேல கோப்பை இருக்கு, அத எடுத்துத் திரும்பப் பொட்டியில வச்சுப் பூட்டுனாங்க. அந்தச் சத்தமில்லாததுதான் எனக்கு இன்னும் காதுல கேக்குது.

மெர்வ் புல்லுல உக்காந்துட்டாரு. கிளெம்தான் போயித் தூக்கி விட்டான். கிளெம் யாருன்னு தெரியும்ல, அவரோட அண்ணன், எங்க காப்டன். இன்னும் ஒரு ஆட்டம் கெடச்சிருக்கு, அதுக்கு எதுக்குடா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கன்னு கேட்டுத் தலையில ஒரு தட்டு தட்டுனான். மெர்வ் அழுதுகிட்டே சிரிச்சாரு.

அந்த வாரம் இருக்கே, அப்படி ஒரு வாரம் நான் பாத்ததே இல்ல. அறுவடை வரலாமா வேண்டாமான்னு நின்னுச்சு. ஸ்கூல்ல பாடம் நடக்கல. கோழிகூட முட்ட போட மறந்துருச்சுன்னு அப்பா சொல்லுவாரு. தினம் சாயங்காலம் ஆளுங்க பயிற்சி செய்யறதப் பாக்க ஊரே போகும், நாங்க ஆரஞ்ச நறுக்கி எடுத்துட்டுப் போவோம். அடுத்த சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமைன்னு இதே பேச்சு. ஒருத்தரும் இன்னும் ஜெயிக்கல, ஒருத்தரும் இன்னும் தோக்கல.

மறு ஆட்டத்துல என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஆமா, சுளுவா ஜெயிச்சோம். அன்னிக்குச் சாயங்காலம் என்ன ஆச்சுன்னும் தெரிஞ்சிருக்கும். ரயில்வே கிராசிங்தான். கோதும ரயில். அங்க அப்ப வெளக்கு கெடையாது, மணி கெடையாது. ஜெயிச்சதுக்கு ஹால்ல டான்ஸ் வச்சிருந்தாங்க, அதுக்குக் கிளம்பிக் காரெடுத்துட்டு வந்துகிட்டு இருந்தான். ஆமா, கிளெம்தான்.

இப்ப புரியுதா நான் ஏன் உங்கள இங்கயே நிறுத்தி வச்சிருக்கேன்னு? மெர்வுக்கு அது இன்னும் நடக்கல. அவருக்கு அண்ணன் இருக்கான். பயிற்சிக்குப் போயிருக்கான், ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கான், வந்துருவான். சனிக்கிழமை ஆடணும், விட்ட கோல போடணும், அவ்வளவுதான் அவரு கவலை.

போன வருஷம் கிளப்புல இருந்து ஒரு பையன், நல்ல பையன்தான், மறு ஆட்டத்து போட்டோவ சட்டம் போட்டு எடுத்துட்டு வந்துட்டான். அவரு பாத்தாரு. இது எப்ப எடுத்தது, இன்னும் ஆடவே இல்லையே, கோப்பை எப்படி கிளெம் கையிலன்னு கேட்டாரு. அந்தப் பையன் எதார்த்தமா சொல்லிட்டான். எல்லாத்தையும் சொல்லிட்டான். தம்பி, அன்னிக்கு முதல் தடவ சேதி வந்தப்ப அவரு எப்படி அலறுனாருன்னு ஊர்ல சொன்னாங்களோ அதேதான். அப்ப இருபத்தி ரெண்டு வயசு ஒடம்பு, தாங்குச்சு. இப்ப பாக்க முடியல. பொழுது சாயறதுக்குள்ள மறந்துட்டாரு. மறுநாள் காலையில பூட்ஸுக்குக் கொழுப்பு தடவுறாரு. இன்னொரு தடவ அவர அப்படிப் பாக்க என்னால முடியாது. அதான் சொல்றேன், சமமா முடிஞ்ச ஆட்டத்தப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுங்கறது வரைக்கும் சொல்லுவாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம். மறு ஆட்டம் எப்பன்னு அவரு கேட்டா, வர்ற சனிக்கிழமைன்னு சொல்லுங்க.

பொய்தான். எனக்குத் தெரியாதா.

நல்லா இருந்த காலத்துலயும் அவரு அதப் பேசுனதில்ல. மெல்போர்ன்ல பெரிய லீக் ஃபைனல் சமமா முடிஞ்சுதே, ரெண்டாயிரத்துப் பத்துல, டிவியில பாத்துகிட்டு இருந்தோம். சைரன் ஊதுனதும் எல்லாரும் புல்லுல விழுந்து கெடந்தாங்க பாருங்க, மெர்வ் எழுந்து வெளிய போயிட்டாரு. இருட்டுற வரைக்கும் வேலியச் சரிபண்ணிகிட்டு இருந்தாரு. அடுத்த சனிக்கிழமை டிவியப் போடவே விடல. அப்புறம் சில வருஷம் கழிச்சு சட்டத்த மாத்திட்டாங்க. இனிமே சமமா முடிஞ்சா அங்கயே கூடுதல் நேரம் ஆடி அன்னிக்கே முடிச்சிருவாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. சாப்பிட்டுகிட்டு இருந்தவரு தட்டப் பாத்துகிட்டே சொன்னாரு, இத முன்னாடியே செஞ்சிருக்கலாம் நோலான்னு. ஐம்பது வருஷக் கல்யாணத்துல அந்த விஷயத்தப் பத்தி அவரு பேசுனது அது ஒண்ணுதான்.

அவரு என்ன நினைச்சாருன்னு எனக்குத் தெரியும். அந்தப் பந்து ஒரு கை அகலம் உள்ள போயிருந்தா மறு ஆட்டமே இல்ல. அந்த சனிக்கிழமை அந்த ரயில் சும்மா தாண்டிப் போயிருக்கும்.

நானும் அதத்தான் நினைச்சேன். அவருகிட்ட சொன்னதில்ல.

என்ன, நீங்களும் அந்த போட்டோ கொண்டு வந்திருக்கீங்களா? பையிலயா? நல்லவேள கேட்டேன். அது உள்ள வரக்கூடாது. இங்க குடுங்க. குடுங்க தம்பி, கிழிச்சுர மாட்டேன்.

கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல. இருந்தாலும் தெரியுது. ஆமா, நடுவுல இருக்கறவன்தான் கிளெம். எல்லாரும் கேமராவப் பாக்குறாங்க, இவன் மட்டும் எங்கயோ பாத்துச் சிரிக்கிறான், அதத்தானே கேக்குறீங்க? எல்லாரும் அதக் கேப்பாங்க. யாரோ கூப்பிட்டிருப்பாங்கன்னு சொல்லிருவேன். அவன் பாக்குற பக்கம் வேலியோரமா எங்க அப்பா கார் நின்னுச்சு. நான் உள்ள உக்காந்து ஹாரன விடாம அடிச்சுகிட்டு இருந்தேன். அப்பா பாட்டரி போயிரும் பாட்டரி போயிரும்னு கத்துறாரு, நான் கைய எடுக்கல.

கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் எங்களுக்குக் கல்யாணம்னு பேசி வச்சிருந்தாங்க. கிளெம்முக்கும் எனக்கும். உங்க வரலாறுல அது இருக்காது, அது ஆட்டம் இல்லையே.

ஆமா. டான்ஸுக்கு என்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துகிட்டு இருந்தான். பச்ச கவுன் போட்டுகிட்டு எங்க வீட்டு கேட்டுகிட்ட நின்னேன். கேட்டுக்கு வந்ததும் ரெண்டு தடவ அடிப்பான், சின்னச் சின்னதா. நான் அதுக்குத்தான் காத சாச்சு நின்னேன். கடைசியில வந்தது மெர்வ். நடந்தே வந்தாரு. நாலஞ்சு வருஷம் கழிச்சுக் கட்டிக்கிட்டோம். அவனப் பத்திப் பேசாம இருக்கறதுக்கு எங்க ரெண்டு பேரையும் விட்டா வேற யாரு இருந்தாங்க. நல்ல மனுஷன் தம்பி. என்ன ஒரு நாள் ஒரு சொல்லு சொன்னதில்ல. அவர் மேல எனக்குப் பிரியம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

அதான் இப்ப கதவத் தட்டிட்டு வர்றாரு, எழுந்து நின்னு தேத்தண்ணிய வாங்குறாரு. அண்ணன் கட்டிக்கப் போற பொண்ணு இல்லையா நான். காலையில வாசப்படியில நின்னு கேப்பாரு, மிஸ் பாஸ்கோ, கிளெம் சாயங்காலம் உங்கள எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போறான்னு சொன்னானான்னு. இந்த ஒலகத்துல கிளெம் வருவான்னு என்கிட்ட சொல்றதுக்கு அவரு ஒருத்தர்தான் இருக்காரு. நானும் ஏழு மணிக்குன்னு சொல்லுவேன். முதல்ல அவருக்காகத்தான் சொன்னேன்.

சரி, வாங்க, தேத்தண்ணி ஆறிப் போயிருக்கும், வேற போடறேன். இந்த போட்டோவ இப்படி சீட்டுக்கு அடியில வச்சிருங்க. அவருக்கு வலது பக்கமா ஒட்டி உக்காந்து சத்தமாப் பேசணும், எதிர்ல உக்காந்தா பாதி கேக்காது. காத்து எப்படி இருந்துச்சுன்னு ஆரம்பிங்க, அப்புறம் நீங்க எதுவும் கேக்கவே வேண்டாம்.

அப்புறம் தம்பி. போகும்போது, கேட்டத் தாண்டுனதும், முன்னாடி அடிச்சீங்களே, அதே மாதிரி ரெண்டு தடவ அடிச்சுட்டுப் போங்க. சின்னதா. திரும்பிப் பாக்காம போயிருங்க.

அவரா? அவரு எங்க வெளிய வரப் போறாரு. ரோட்டுச் சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டுப் பல வருஷமாச்சு. நீங்க அடிச்சதே அவருக்குத் தெரியாது.