ஆகட்டும்மாவின் மேசை

மேடையில் அமர்ந்திருப்பவர்களே, கீழே அமர்ந்திருப்பவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்பவர்களே! பெரிய கடையில் லிஃப்ட் ஓட்டியவன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். என் கையில் தாள் இல்லை. கொடுத்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோமோ, அந்த அம்மா வேலைக்கு வந்த ஆண்டு எண்ணாக எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்டு தெரியும். டிராம் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்களே, அந்த ஆண்டு. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, கல்யாணக் கடிதங்கள் எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு வந்து சேர்ந்ததே, அந்த ஆண்டு. சிறையிலிருந்து தப்பிய ஒருவன் எங்கள் இரண்டாம் மாடியில் கோட்டு மாட்டிய பொம்மைகளுக்கு நடுவே பொம்மையாக நின்று, தும்மி மாட்டிக்கொண்டானே, அதே ஆண்டு! அவனைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர்கள் லிஃப்டிலிருந்து இறங்கினார்கள். ஒரு துணிப்பையோடு இந்த அம்மா உள்ளே வந்தார். "இங்கே தினமும் இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார். "இல்லம்மா, இன்னிக்குத்தான் கொஞ்சம் அமைதி" என்றேன். சிரித்தார்.

பெரிய கடை என்றால் என்னவென்று இங்கே உள்ள சின்னவர்களுக்குத் தெரியாது. பிறந்த பிள்ளைக்குத் தொப்பியும், போய்ச் சேர்ந்தவருக்குப் போட்டுவிடக் கோட்டும் ஒரே கூரைக்குக் கீழே. எல்லா ஊரிலும் கிளை. அது யோக்கியமான கடை என்று சொல்ல வரவில்லை. பக்கத்தில் இருந்த பொத்தான் கடையையும் குடைக்கடையையும் வாய்க்குள் போட்டுக்கொண்டு வளர்ந்த கடைதான். ஆனால் அங்கே கீழ்த்தளத்தில், என் லிஃப்ட் கதவுக்கு எதிரே, ஒரு மேசை இருந்தது. வாங்கியது பிடிக்கவில்லையா? கொண்டுவாருங்கள், எடுத்துக்கொள்கிறோம். அந்த மேசை அதற்குத்தான்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் அங்கே உட்கார்ந்த கண்ணாடிக்காரர் உண்டாக்கிய வழக்கம். கொண்டுவந்த பொட்டலத்தை, கொண்டுவந்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது. அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். "பொருளைத் திருப்பி எடுக்கறோம். ஆளையும் எதுக்கு உரிச்சுப் பார்க்கணும்?" என்பார் கண்ணாடிக்காரர். அவருக்குப் பிறகு அந்த வழக்கத்தைக் காப்பாற்றியவர் நம் அம்மா. யார் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, "ஆகட்டும்" என்பார். அதனால்தான் ஊர் அவரை ஆகட்டும்மா என்றது.

இதில் ஏமாற்று நடக்கவில்லையா? நடந்தது. கூத்தும் நடந்தது! ஒரு நாள் ஒரு பெரியவர் அவசரமாக வந்தார். பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் இந்த அம்மா "ஆகட்டும்" என்று எடுத்து உள்ளே வைத்து, குத்துமதிப்பாகக் கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்துவிட்டார். மனிதர் திருதிருவென்று விழித்துவிட்டுப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் ஒரு ஜோடி பழைய செருப்பு, அடி தைத்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வெறுங்காலோடு திரும்பி வந்தார். "தாயே, நான் கழிப்பறை எங்கேன்னு கேட்க வந்தேன். செருப்பைத் தைக்கக் கொடுத்து வாங்கிட்டு வந்தேன், அதை வாங்கிக்கிட்டுக் காசைக் குடுக்கறீங்களே! இந்தக் கடையில கழிப்பறைக்குப் போனா காசு தருவாங்களா?" என்றார். ஆகட்டும்மா சிரித்த சிரிப்பில் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அந்த மனிதர் சாகும்வரை வேறு கடைப் படி ஏறவில்லை.

அப்படிப்பட்ட கடை எப்படிப் படுத்தது? முன்னால் பேசியவர்கள் காலம் மாறிவிட்டது என்றார்கள். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு மலிவாக விற்கும் கடைகள் வந்தன, அப்புறம் போனிலேயே கடை வந்தது, காலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். காலமா? காலத்துக்கு என்ன கையா இருக்கிறது, கையெழுத்துப் போட? நான் லிஃப்டில் நின்றவன் ஐயா! லிஃப்ட்காரனுக்குக் காது உண்டு என்பது பெரிய மனிதர்களுக்கு ஞாபகமே வராது. ஊரெல்லாம் கடன்பட்டு எங்கள் கடையை விலைக்கு வாங்கிய இரண்டு பேர், என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசினார்கள்.

"கட்டடத்தை வித்தாலே போட்டது வந்துடும்."

"கடை?"

"கடை எதுக்குங்க? வர்ற வரைக்கும் கறக்கலாம்."

"ஆளுங்க இருக்காங்களே?"

"அவங்க கட்டடத்துல சேர்த்தி இல்லையே!"

சிரித்தார்கள். ஐந்தாம் மாடி வரை சிரித்தார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் வைத்தேன்.

அப்படியே செய்தார்கள். கட்டடத்தை விற்று, விற்ற கட்டடத்துக்குக் கடையையே வாடகை கட்ட வைத்தார்கள். கூரை ஒழுகியது, வாளி வைத்தார்கள். முதலில் ஐந்தாம் மாடியை மூடினார்கள். "அந்தப் பட்டன் மேல ஒரு ஒட்டுத்தாளை ஒட்டிடு" என்றார்கள். ஒட்டினேன். பிறகு நான்கு. பிறகு மூன்று. கடைசியில் ஏற மாடி இல்லாத லிஃப்டில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மேசையையும் விடவில்லை. புதிதாக ஒரு மாடி அதிகாரி வந்தார். இனிமேல் பொட்டலத்தை எல்லோர் முன்னாலும் பிரி, ஏன் என்று கேள், பதில் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பு என்றார். ஆகட்டும்மா கேட்கவில்லை. ஒரு நாள் அதிகாரியே வந்து நின்றார். வரிசையில் ஒரு இளம்பெண் பொட்டலத்தை நீட்டினாள். அவரே பிடுங்கிக் கிழித்தார். உள்ளே கர்ப்பிணிகள் உடுத்தும் தளர்வான உடைகள், மடிப்புக் கலையாமல். "புதுசாத்தானே இருக்கு, என்ன குறை? ஏன் திருப்பித் தர்றீங்க?" என்று வரிசைக்கே கேட்கும்படி கேட்டார். அந்தப் பெண் தன் வயிற்றைப் பார்த்தாள். அவள் சொல்ல என்ன இருக்கிறது? வரிசை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. ஆகட்டும்மா உடைகளைத் தன் பக்கம் இழுத்து மூடினார். "கேட்டுட்டீங்க இல்ல? இப்ப பதிலும் வேணுமா உங்களுக்கு?" என்றார்.

அந்த அதிகாரி யார்? இன்றைய அவைத் தலைவர் அவர்கள்தான்! சற்று முன்பு, "எனக்குத் தாய்போல் இருந்தவர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, அவர்தான். மணியை அடிக்க வேண்டாம் ஐயா. முடித்துவிடுகிறேன்.

கடையை மூடப் போகிறோம், எல்லாம் தள்ளுபடி என்று பலகை போட்டார்களே, நினைவிருக்கிறதா? பழைய விலைச்சீட்டைக் கிழித்து, கூட்டிய விலையை ஒட்டி, அதன்மேல் குறைத்துக் காட்டினார்கள். எங்கள் கடை கண்டிராத குப்பையெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கியது. ஆகட்டும்மாவின் தலைக்கு மேலேயே, 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று தொங்கவிட்டார்கள். "ஏம்மா இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கீங்க? போய்த் தொலையலாம் வாங்க" என்றேன் நான். "இத்தனை காலம் ஆகட்டும்னு சொன்ன வாய். இல்லைங்கறதையும் இந்த வாயே சொன்னா, வர்றவங்களுக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கும்" என்றார்.

யார் வந்தார்கள்? நீங்கள்தான் வந்தீர்கள்! கை தூக்க வேண்டாம். எனக்கு முகம் மறக்காது. தலைமுறை தலைமுறையாக அந்த மேசையில் கொண்டுவந்து கொட்டியவர்கள், அன்று பொம்மையின் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தீர்கள். கண்ணாடியைக் கழற்றினீர்கள், திரைச்சீலைக் கம்பியை உருவினீர்கள். ஒருவர் ஆகட்டும்மாவிடமே வந்து, "எழுந்திருங்கம்மா, இந்த நாற்காலியை நான் வாங்கிட்டேன்" என்று சீட்டைக் காட்டினார். உட்கார்ந்திருந்த மனுஷிக்கு அடியில் இருந்த நாற்காலியை! அவர் எழுந்தார். "ஆகட்டும்" என்றார். அன்றிலிருந்து நின்றே வேலை பார்த்தார். கால் வீங்கி நிற்க முடியாமல் போன கடைசி வாரத்தில், அவர் மகள் வந்து அந்த இடத்தில் நின்றாள்.

அதோ முன்வரிசையில் இருக்கிறாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

உங்கள் நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு பை இருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில், பிஸ்கட். மேலே ஆகட்டும்மாவின் முகம், அதற்குக் கீழே அவர் வார்த்தை. யார் அச்சடித்தது? பெரிய கடையின் பெயரை மட்டும் ஏலத்தில் எடுத்தவர்கள். கட்டடம் இல்லை, மாடி இல்லை, ஆள் இல்லை. பெயர் மட்டும். இந்த மண்டபத்துக்கு வாடகை கொடுத்ததும் அவர்களே. அவர்கள் அனுப்பிய தம்பி மேடையில் இருக்கிறார். நல்ல பிள்ளை, எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்தார்.

"பெரியவரே, சுருக்கமாப் பேசுங்க. ஆகட்டும்ங்கற வார்த்தை மட்டும் அடிக்கடி வரட்டும். படம் எடுக்கறாங்க."

"சரி தம்பி. உங்க கடை எங்கே இருக்கு?"

"கடைன்னு இல்லீங்க. போன்லதான்."

"வாங்கினது பிடிக்கலேன்னா யார்கிட்ட குடுக்கறது?"

"திருப்பி எடுக்கறதில்லைங்க, கட்டுப்படியாகாது. ஒரு நம்பர் இருக்கு, கூப்பிடலாம். ஆகட்டும்னு ஒரு குரல் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் கட் ஆயிடும்."

கேட்டீர்களா? அந்த அம்மாவின் நாற்காலியை விற்றார்கள், சரி. இப்போது அவர் வாயையும் விற்கிறார்கள்!

இந்தக் கூட்டத்தின் முடிவில் மகள் மேடைக்கு வந்து, அம்மாவின் முகத்தையும் வார்த்தையையும் கொடுக்கச் சம்மதம் சொல்வாள் என்று அறிவித்திருக்கிறார்கள். பதிலுக்கு அவளுக்கு ஒரு வேலை. அம்மாடி, உன்னை நான் குற்றம் சொல்லமாட்டேன். நீ மருந்துக் கம்பெனியில் குப்பிக்கு மூடி போடுகிறாய், அந்த வேலையும் இந்த மாதத்தோடு போகிறது. உன் வீட்டு அடுப்பை நான் எரிக்க முடியாது. இங்கே கைதட்டுகிறவர்களும் எரிக்கமாட்டார்கள். சம்மதம் என்று நீ சொன்னாலும் நான் உன் வீட்டுக்கு வருவேன், நீ கொடுக்கிற காப்பியைக் குடிப்பேன். ஆனால் அந்த நம்பரைக் கூப்பிடப் போகிறவர்களில் ஒருத்தி, வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அவளைப் போன்றவளாக இருப்பாள். அவளிடம் உன் அம்மா ஆகட்டும் என்பார். என்றுவிட்டுப் போனை வைத்துவிடுவார். அது உனக்குச் சம்மதமா? அதை மட்டும் யோசி.

என்னம்மா, எழுந்துவிட்டாய்? இரு, அவசரமில்லை... வருகிறாள். வழி விடுங்கள். அந்தக் கேமராவை ஓரமாக இழுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது; சொல்கிறேன். பையைத் தம்பியின் முன்னால் வைத்து, "இதை எடுத்துக்குங்க. வேலையும் வேண்டாம்" என்றாள். "ஏங்க, என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார் அவர். அவள் படியிறங்கத் திரும்பிவிட்டாள். காரணம் சொல்லத் தேவையில்லை தம்பி, வாங்கி வையுங்கள்.

கூட்டம் முடியும்போது, அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் எழுந்து நின்று உறுதி எடுக்க வேண்டுமாம். எந்தப் பணியை? யார் தொடர்வது? பொம்மையின் கையைப் பிய்த்தவர்களா? பலகை மாட்டியவரா? லிஃப்டை ஓட்டிய நானா? நமக்கு அந்த யோக்கியதை இல்லை. எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள். அந்த மேசைக்குப் பின்னால் நின்றவர்கள்தான் அதைச் சொல்லலாம். கண்ணாடிக்காரர் இருமி இருமியே போனார். திருப்பி வந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஊசிக்காரம்மா, கடை மூடிய மறு வருஷம் போனார். இரண்டாவது நாற்காலியில் இருந்த குண்டுமணி, பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே போனான். இப்போது ஆகட்டும்மா. அந்த மேசைக்குப் பின்னால் நின்றவர்களில் இன்றைக்கு உயிரோடு மிச்சமிருப்பது, வெறுங்கையோடு மேடைப்படி இறங்கிக்கொண்டிருக்கிறாளே, அவர் மகள், அவள் ஒருத்திதான்.