மூன்று வினாடிப் பச்சை

என் வேலையைப் புரியவைப்பது சிரமமில்லை, ஹமீது சார். இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியதும் திரையின் ஓரத்தில் ‘பதிவாகிவிட்டது’ என்று ஒரு சின்னப் பெட்டி வருமே, அந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்கிறவள் நான். பதினான்கு வருடமாக அதுதான் வேலை. நல்ல செய்தி என்றால் பச்சை. மூன்று வினாடியில் தானாகப் போய்விடலாம். ஆபத்து என்றால் சிவப்பு; ஒருவர் படித்து, ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்தும்வரை அது நகரக் கூடாது. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

எங்கள் அலுவலகம் தஞ்சோங் பகாரில் இருக்கிறது. சமையற்கூடங்களுக்கு ஆர்டர் எடுக்கும் திரைகளைச் செய்து கொடுக்கிறோம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் ஒரு கூடம் எங்கள் வாடிக்கையாளர். எங்கள் மதியச் சாப்பாடும் அங்கிருந்துதான் வரும். அங்கே டப்பாக்களை நிரப்புகிறவர் மரியம்மாள். சாப்பிடுகிறவருக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அவருடைய டேப்லெட்டில் என் சிவப்புப் பெட்டி வரும். அதை அழுத்தாமல் அடுத்த ஆர்டருக்குப் போக முடியாது.

நிதீஷுக்கு வேர்க்கடலை ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை அடைத்துவிடும். ஜனவரியில் எனக்கு மேலதிகாரியாக வந்தார். முப்பத்தொரு வயது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பிப்ரவரியில் ஒரு கூட்டம். பதினெட்டு பேர். என் பெட்டியைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்.

“அக்கா, இத பார்த்தா யாரோ கத்துற மாதிரி இருக்கு லா. யாரும் படிக்க மாட்டாங்க. எல்லாத்தையும் மூணு செகண்ட்ல மறைய வெச்சிடுங்க.”

“அலர்ஜிக்கு மட்டும் வேணாம், நிதீஷ்.”

“நீங்க இன்னும் பழைய டிசைன்லயே இருக்கீங்க. கொஞ்சம் அப்டேட் ஆகுங்க அக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். ரோஷினி என்று ஒரு பெண், நான் வேலை கற்றுக்கொடுத்தவள், அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். மறுநாள் அவரே என் மேசைக்கு வந்தார். “ஸாரி அக்கா. யோசிச்சு பார்த்தேன், நீங்க சொன்னதுதான் கரெக்ட். அலர்ஜி பெட்டி அப்படியே இருக்கட்டும்,” என்று சொல்லி, வாங்கி வந்த கோப்பியை வைத்துவிட்டுப் போனார். பதினெட்டு பேர் முன்னால் சொன்னதை ஒருத்தி முன்னால் திருத்திக்கொண்டால் கணக்கு சரியாகிவிடுமா? கோப்பியை நான் குடிக்கவில்லை.

அதனால் சிவப்புப் பெட்டி எல்லோருக்கும் அப்படியே இருந்தது. ஒரே ஒரு பெயருக்கு மட்டும், அவர் முதலில் கேட்டபடி செய்துகொடுத்தேன். பச்சை. மூன்று வினாடி. ‘குறிப்பு பதிவானது’ என்று இரண்டே சொல். நான்கு வரி வேலைதான்.

புதன்கிழமைகளில் தோசை. தேங்காய்ச் சட்னியில் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து அரைப்பார்கள், பார்த்தால் தெரியாது. சிவப்பு வந்த டப்பாக்களுக்கு மரியம்மாள் தனிச் சட்னி வைப்பார். அந்தப் புதன்கிழமை நிதீஷின் டப்பாவுக்குச் சிவப்பு வரவில்லை.

விசாரணையில் மரியம்மாள் உங்களிடம் அழுதாராம். “சிவப்பு வரல சார், சத்தியமா வரல, பச்சைதான் வந்துச்சு.” யாரும் நம்பவில்லை, ஏனென்றால் நீங்கள் சோதித்தபோது சிவப்பு ஒழுங்காக வந்தது. நான் அன்று மாலையே பழையபடி மாற்றிவிட்டேன். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவை நீங்கள் கேட்டு வாங்குவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மரியம்மாள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் கவனமானவர். அதனால்தான் பச்சை தேவைப்பட்டது. பெட்டியே வராவிட்டால் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பார்.

சாப்பிடும்போது நான் நிதீஷுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தோசையில் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். உதடு வீங்கிவிட்டது. “அக்கா, என் பேக்,” என்றார். ரோஷினி ஆம்புலன்ஸுக்கு போன் செய்ய ஓடினாள். பையை நான் எடுத்தேன். அவர் எப்போதும் அதில் ஓர் ஊசி வைத்திருப்பார். தொடையில் குத்திக்கொண்டால் பிழைத்துவிடலாம். ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, எல்லாவற்றையும் தரையில் கொட்டித் தேடினேன்.

ஊசி என் இழுப்பறையில் இருந்தது. காலையில் அவர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது எடுத்து வைத்தேன்.

பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவரால் பேச முடியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பயந்துபோய்த் தள்ளி நின்றார்கள். நான் கடைசிவரை அவரைத் தனியாக விடவில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.