ஓடைக்குப் பாலம் கேட்டால் ஊருக்கு வளைவு

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் விருமாண்டி அண்ணன் அவர்களே! அனல் வெயிலிலும் அசையாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அணிதிரண்டு வந்திருக்கும் தாய்மார்களே! தமிழ்வாணியின் தலைதாழ்ந்த வணக்கம்.

நேபாளம் என்றால் நமக்கு என்ன தெரியும்? மலை தெரியும். வங்கதேசம் என்றால்? வெள்ளம் தெரியும். சின்ன நாடுகளாம்! நாம் பெரிய நாடாம்! அந்த நேபாளத்தில், எந்த வேலை முதலில் என்று குடியிருப்புதோறும் மக்களைக் கூட்டிக் கேட்கச் சொல்கிறது திட்டமிடும் முறை. வங்கதேசத்தில், ஊர்மன்றத்தின் வரவுசெலவுத் திட்டத்தை மக்கள்முன் வைத்துப் பேசச் சொல்கிறது சட்டம். அங்கேயும் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. இங்கே? கிராம சபை உண்டு, ஜமுக்காளம் உண்டு, தேநீர் உண்டு. கேட்கும் காது மட்டும்தான் இல்லை!

கைதட்டாதீர்கள், வெட்கப்படுங்கள்!

போன மழையில் என்ன நடந்தது? இதே ஓடைக்கு அக்கரையில், கருப்பு அண்ணனைப் பாம்பு கடித்தது. ஆம்புலன்ஸ் இக்கரையிலேயே நின்றுவிட்டது. மார்பளவு தண்ணீரில் கட்டிலோடு அவரைச் சுமந்து வந்தார்கள். கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் அவர் மனைவி முத்துமீனா. அண்ணன் பிழைத்தது மருத்துவர் புண்ணியம். அரசாங்கத்தின் புண்ணியம் அல்ல!

அடுத்த கிராம சபையில் முத்துமீனா எழுந்து பாலம் கேட்டார். வந்திருந்த அதிகாரி சிரித்தார்.

"எல்லாம் மேலயே முடிவாயிருச்சும்மா. இந்த வருசம் ஊருக்கு அலங்கார வளைவு."

"வளைவா? அதுல ஏறியாய்யா ஓடையத் தாண்டணும்?"

"பட்ஜெட்டெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"எம்புருசனத் தண்ணிக்குள்ள தூக்கிட்டு வந்தது எனக்குப் புரியுதுய்யா. பாலந்தான் மொதல்லனு எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

உட்கார்ந்தார்! பக்கத்தில் நின்ற ஒச்சாயி அக்கா உட்கார்ந்தார். கிளம்ப எழுந்த பெண்கள் அத்தனைபேரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி கைப்பேசியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவை மறித்தும் பெண்கள்! கடைசியில் தீர்மானத்தை எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். வளைவு நின்றது. பாலம் எழுந்தது. அதைத்தான் இன்று திறக்கிறோம்.

ஆனால் கூத்தைப் பாருங்கள்! மேலே உட்கார்ந்து பாலம் கூடாதென்று வாய் திறந்தவர்கள், இன்று இந்த மேடைப் பேனரில் பல் திறந்து சிரிக்கிறார்கள். என்ன விருமாண்டி அண்ணே, திரும்பிப் பார்க்கிறீர்களா? நன்றாகப் பாருங்கள்! முத்துமீனாவின் முகம் அதில் எந்த மூலையில் இருக்கிறது?

கேட்காமலே கிடைக்குமென்று இனியும் காத்திருப்போமா? கேட்டவளைத் தனியே நிற்க விடுவோமா? அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவதற்கு அல்ல. நம் வரிப்பணத்தில் எது முதலில் என்று நாமே சொல்வதற்கு! சொன்னதை எழுதும்வரை எழாதிருப்பதற்கு!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி; பொறுமை இழக்கப்போகும் உங்களுக்கு என் வாழ்த்து. வணக்கம்!